மழை பொய்த்தது என்று எழுதலாமா?

மழை பெய்யாமல் விட்டால் 'மழை பொய்த்தது' என்று சொல்வது நமது வழக்கம். பொய்ப்பதற்கு முன்னர் வாக்குக் கொடுத்திருக்க வேண்டும். வானம் எவருக்கும் எதையும் எழுதிக் கொடுத்ததாக நான் அறியேன். ஆயினும் பஞ்சம் என்று வந்தவுடன் முதற் குற்றவாளியாக வானத்தையே கூண்டில் ஏற்றிவிடுகிறோம். வானம் மறுத்துப் பேசாது, மேன்முறையீடும் செய்யாது. நமக்கு இது எவ்வளவு வசதியாகப் போயிற்று என்பதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

நான் ஒரு கிராமப் பாடசாலையில் புவியியல் கற்பிப்பவன். ஆசிரியர் கலாசாலையிலிருந்து வெளியேறிய நாளிலிருந்து பிறேசில் நாட்டுக் காலநிலையை ஒரே மாதிரியாகத்தான் கரும்பலகையில் எழுதி வந்திருக்கிறேன். தென்னமெரிக்காவின் படத்தைக் கீறி, மேலே பச்சை நிறத்தில் அமேசன், வலப்பக்கத்து முனையில் மஞ்சள் நிறத்தில் வடகிழக்கு, கீழே நீல நிறத்தில் தெற்கு. அத்துடன் குறிப்பு: 'வடகிழக்குப் பிறேசிலில் 1877 முதல் 1879 வரை மழை பொய்த்தமையால் பல இலட்சம் மக்கள் மாண்டனர்.' பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். நானும் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

ஒருநாள் பின்வாங்கில் இருந்த ஒரு மாணவி எழும்பிக் கேட்டாள்: "சேர், மழ இல்லாட்டிப் பயிர்தானே சாகும்? ஆக்கள் எப்பிடிச் செத்த?"

"பயிர் செத்தா ஆளும் சாகும்தானே, இரி புள்ள" என்று சொல்லிவிட்டேன். வகுப்பு சிரித்தது. அவளும் இருந்துவிட்டாள். ஆனால் கேள்வி இருக்கவில்லை. அது என்னோடு வீட்டுக்கு வந்தது. அன்றிலிருந்து பிறேசிலைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசிக்கத் தொடங்கினேன்.

பிறேசில் எண்பத்தைந்து இலட்சம் சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தேசம். நமது நாட்டைப் போல நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளை அதற்குள் வைத்து மூடிவிடலாம். மத்தியகோடு அதன் வடபகுதியை ஊடறுத்துச் செல்கிறது. மகாபா என்ற நகரம் அந்தக் கோட்டின் மீதே இருக்கிறது. அமேசன் காட்டில் வருடத்துக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. வடமேற்கு மூலையில் 3000ஐயும் தாண்டும். அதே தேசத்தின் தெற்கில், சாந்தா கத்தரீனா மாநிலத்து மேட்டுநிலங்களில், சில வருடங்களில் பனி பொழிகிறது. 1975 ஜூலையில் பரானா மாநிலத்தில் விழுந்த உறைபனி ஓரிரு இரவுகளில் கோப்பித் தோட்டங்களை எரித்தாற்போலக் கருக்கிவிட, உலகம் முழுவதும் கோப்பி விலை ஏறியது. 'வெப்ப வலய நாடு' என்று நாம் ஒற்றைச் சொல்லில் சொல்லிவிடுகிற இடத்தில்தான் இவ்வளவும்.

வடகிழக்கின் உட்பகுதியைச் 'செர்த்தாவோ' என்கிறார்கள். கரையோர நகரமான றெசிபேயில் 2000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. அங்கிருந்து சில நூறு கிலோமீற்றர் மேற்கே போனால் 300 முதல் 800 மில்லிமீற்றர் வரைதான். நமது மன்னாருக்கே ஏறத்தாழ 1000 கிடைக்கிறது. அந்தக் குறைந்த மழையும் பெப்ரவரி முதல் மே வரைக்குள், சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். கீழே பெரும்பாலும் கடினப் பாறை. மேலே மெல்லிய மண். நிலத்தினுள் தண்ணீர் சேர இடமில்லை. வெயிலோ வருடத்துக்கு 2000 மில்லிமீற்றர் அளவு நீரை ஆவியாக்கக்கூடியது. 'கடிங்கா' எனப்படும் அந்த முட்காடு கோடையில் இலையெல்லாம் உதிர்த்து வெளுத்து நிற்கும். ஒரு மழை விழுந்தால் சில நாட்களில் பச்சையாகிவிடும்.

ஒரு சொல் என்னை மிகவும் கவர்ந்தது. அங்கே மழைக்காலத்தை 'இன்வெர்னோ' என்கிறார்கள். போர்த்துக்கேய மொழியில் அது குளிர்காலம். தென் அரைக்கோளத்தில் பெப்ரவரி, மார்ச் கோடைதான், பஞ்சாங்கப்படி பிழை. ஆனால் செர்த்தாவோ விவசாயிக்கு மழை வந்தால் அதுவே இன்வெர்னோ. நாம் மாரி என்பது போல. மாரி என்றால் மழை, மழைக்காலம், இரண்டும்தானே.

அந்த மாரி வருமா வராதா என்பதைத் தூரத்துக் கடல்கள் தீர்மானிக்கின்றன. வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வரும் காற்றுகள் சந்திக்கும் மேகப் பட்டியொன்று மத்தியகோட்டை ஒட்டி உலகைச் சுற்றிக் கிடக்கிறது. பாடநூல்கள் ஒருங்கல் வலயம் என்பது அதனைத்தான். சித்திரை மாதத்தில் நமக்கு மாலை இடிமழை தருவதிலும் அதற்குப் பங்குண்டு. மார்ச், ஏப்ரலில் அது தெற்கே இறங்கி வந்தால் செர்த்தாவோவுக்கு மழை. வட அத்திலாந்திக் கடல் அளவுக்கு மேல் சூடாகிவிட்டால் பட்டி அங்கேயே தங்கிவிடும். பசுபிக்கில் எல் நினோ உண்டானால் வடகிழக்குப் பிறேசிலின் மேல் காற்று கீழ்நோக்கி அமுங்கும், மேகம் கட்டாது.

இவற்றை அறியாத காலத்திலும் மக்கள் அறிய முயன்றார்கள். டிசம்பர் 13, சாந்தா லூசியா திருநாளுக்கு முந்திய இரவில் ஆறு உப்புக் கட்டிகளை வெளியே வைப்பார்கள். ஆறும் ஜனவரி முதல் ஜூன் வரையான ஆறு மாதங்கள். விடியும்போது எந்தக் கட்டி கரைந்திருக்கிறதோ அந்த மாதம் மழை. எறும்புப் புற்றைப் பார்ப்பார்கள். களிமண்ணால் கூடு கட்டும் குருவி வாசலை எந்தத் திசையில் வைத்தது என்று பார்ப்பார்கள். கிஷாடா என்ற ஊரில் 'மழைத் தீர்க்கதரிசிகள்' இக்காலத்திலும் ஜனவரியில் ஒன்றுகூடித் தங்கள் கணிப்பைச் சொல்கிறார்கள். மார்ச் 19, சாவோ ஜோசே திருநாள். அதற்குள் மழை விழாவிட்டால் நம்பிக்கை போய்விடும். மழைத் தொழுகைக்காக வெட்டவெளியில் கூடிய நமக்கு அந்த மனநிலையை விளக்கத் தேவையில்லை.

இனி மாணவியின் கேள்விக்கு வருகிறேன்.

1877இல் மழை இல்லை. 1878இலும் இல்லை. சியாரா மாகாணத்தில் பயிர் செத்தது, மாடு செத்தது. சரி, ஆட்கள் எப்படிச் செத்தார்கள்? முதலில், அவர்களிற் பெரும்பாலோருக்குச் சொந்தக் காணி இல்லை. 1850ஆம் வருடத்துக் காணிச் சட்டம் அரச நிலத்தை விலைக்கு வாங்கினாலன்றிப் பெறமுடியாது என்று ஆக்கிவிட்டிருந்தது. பணக்காரர்களின் மாட்டுப் பண்ணைகளில் குடியிருந்து அவர்களுடைய சொற்படி பயிர் செய்தவர்களே அதிகம். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தால் பருத்தி விலை ஏறிய 1860களில் சியாராவில் பருத்தி பெருகியது. யுத்தம் முடிந்து விலை விழுந்தது. கையில் காசுமில்லை, களஞ்சியத்தில் போதிய தானியமுமில்லை என்ற நிலையில்தான் வறட்சி வந்தது. பண்ணைக்காரர், 'எனக்கே இல்லை' என்று குடிகளைப் போகச் சொன்னார். அவர்கள் நடந்தார்கள். 'றெத்திராந்தே', வெளியேறுபவர் என்று அவர்களுக்கு ஒரு பெயரே உண்டாயிற்று.

நடந்து சேர்ந்த இடம் போர்த்தலேஸா துறைமுகம். சில பத்தாயிரம் பேர் வாழ்ந்த நகரத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நெருங்கினார்கள். அவர்கள் நடுவில் பெரியம்மை புகுந்தது. 1878 டிசம்பர் 10ஆம் திகதி, ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரேதங்கள் அந்நகரத்தில் அடக்கப்பட்டன. தடுப்பூசி என்பது உலகில் எண்பது வருடங்களாக இருந்துவந்த ஒன்று. றொடோல்போ தியோபிலோ என்ற மருந்துக்கடைக்காரர் அந்த வறட்சியின் வரலாற்றை 1883இல் நூலாக எழுதினார். பிற்காலத்தில் வீடுவீடாகப் போய்த் தாமே தடுப்பூசி குத்தினார். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

மிஞ்சியவர்களுள் பல்லாயிரம் பேரைக் கப்பலேற்றி அமேசனுக்கு இறப்பர்ப்பால் எடுக்க அனுப்பினார்கள். தேசத்தின் மிக வறண்ட இடத்திலிருந்து மிக ஈரமான இடத்துக்கு! அங்கே மழைக்குக் குறைவில்லை. மலேரியாவும் முதலாளியின் கடன் புத்தகமும் இருந்தன. மழையில்லாமல் புறப்பட்டவர்கள் மழைக்குள் செத்தார்கள். என் குறிப்பில் 'மழை பொய்த்தமையால்' என்று எழுதியிருந்தேனே, இவர்களை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது?

அந்த வறட்சியில் மாண்டவர் தொகை ஐந்து இலட்சம்வரை இருக்கும் என்று சொல்லும் கணிப்புகள் உண்டு.

இன்னொரு செய்தியும் உண்டு. வறட்சியால் நொடித்த பண்ணைக்காரர் தம் அடிமைகளைத் தெற்குக்கு விற்றார்கள். கப்பல் கரைக்கு வராது. 'ஜங்காடா' என்னும் கட்டுமரங்களில்தான் அடிமைகளைக் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். (ஜங்காடா என்ற பெயரே போர்த்துக்கேயர் மலையாளக் கரையிலிருந்து கொண்டுபோன 'சங்ஙாடம்' என்ற சொல்தான்.) 1881இல் அந்தக் கட்டுமரக்காரர்கள், இனி ஏற்றமாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். 1884இல் சியாரா அடிமை முறையை ஒழித்தது; முழுத் தேசமும் ஒழிப்பதற்கு நான்கு வருடங்கள் முன்னதாக. ஏழைகளான கடலோடிகள் 'மாட்டோம்' என்று சொன்ன அந்தச் சொல் ஏன் என்னைத் தொந்தரவு செய்கிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அதே 1877இல் அதே எல் நினோ தென்னிந்தியாவையும் தாக்கியது. தாது வருஷப் பஞ்சம் என்று நமது முன்னோர் சொன்னது இதனைத்தான். சென்னை மாகாணத்தில் மக்கள் எலும்புக்கூடுகளாய் விழுந்துகொண்டிருக்க இந்தியாவிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. தப்பிய பலர் கடல் தாண்டி, மன்னார் வழியாகக் காடு நடந்து, நமது மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தார்கள். சியாராவின் மக்கள் இறப்பர்க் காட்டுக்கு, இவர்கள் கோப்பித் தோட்டத்துக்கு. இந்திய வானிலைத் திணைக்களத்தின் தலைவராக இருந்த கில்பேட் வோக்கர், பருவமழை ஏன் தவறுகிறது என்று தேடப் புறப்பட்டுப் பசுபிக் கடலின் காற்றமுக்க ஊஞ்சலைக் கண்டார். அவரே 1928இல் சியாராவின் பஞ்சங்களைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதினார். வானம் எங்கும் ஒன்றுதான் என்பதை அவர் காட்டினார். களஞ்சியமும் ஒன்றா என்பது வானிலையாளர் வேலையல்ல.

அந்த வேலையைச் செய்தவர் ஜோசுவே டி காஸ்ட்ரோ. றெசிபே நகரத்து மருத்துவர். 1946இல் 'பசியின் புவியியல்' என்ற நூலை எழுதினார். பசி இயற்கை செய்வதன்று, மனிதர் செய்வது என்பது அவர் வாதம். உலக உணவு விவசாய நிறுவனத்தின் சபைக்குத் தலைமை தாங்கியவர், 1964 இராணுவப் புரட்சியின் பின் நாடு திரும்ப முடியாமல் 1973இல் பாரிஸில் காலமானார். நான் புவியியல் படித்த காலத்தில் இந்தப் பெயரை எவரும் எனக்குச் சொல்லவில்லை. மாதச் சராசரி மழைவீழ்ச்சி அட்டவணையை மனனம் செய்தேன்.

அவர் சொன்னதற்கு 1932 ஒரு சாட்சி. அந்த வருடத்து வறட்சியில், பட்டினிப்பட்டவர்கள் மீண்டும் போர்த்தலேஸாவுக்கு வந்துவிடக்கூடாதென்று அரசாங்கம் வழியில் ஏழு முகாம்களை அமைத்தது. மக்கள் அவற்றை 'அரசாங்கத்தின் மாட்டுப்பட்டிகள்' என்றார்கள். உள்ளே போனவர்கள் விரும்பியபடி வெளியே வர முடியாது. செனடோர் பொம்பெயு என்ற ஊரில் அந்த முகாமில் இறந்தவர்களை நினைத்து நவம்பர் மாதத்தில் மக்கள் இன்றும் நடந்து போகிறார்கள். இவர்களைப் பட்டியில் அடைத்தது எந்த மேகம்?

இதையெல்லாம் ஒருநாள் உம்மாவிடம் சொன்னேன். உம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "மழ தாறதும் தராம உர்றதும் அவன்ட வேல மகன். நீ என்னத்துக்கு அதுக்குள்ள கிடந்து மல்லுக்கட்டுற?" என்றார். நான் மல்லுக்கட்டவில்லை. மழை அவனுடையது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வானத்தின் திறப்பு மனிதர் கையில் இல்லை. ஆனால் குளத்துத் துருசின் திறப்பு எப்போதும் யாரோ ஒரு மனிதனின் இடுப்பில்தான் தொங்குகிறது. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மறைப்பதில்தான் எனக்குப் பிரச்சினை. அப்படி மறைக்கும்போது நம்முடைய குற்றத்தை அவன் மேல் போடுகிறோம் அல்லவா?

நியாயமான மறுப்பு ஒன்றும் உண்டு. பண்ணைக்காரருக்கும் உண்மையில் மாடு செத்தது. கவர்னருக்கும் நோய் பரவும் என்ற பயம் உண்மையாகவே இருந்தது. வியாபாரியும் தன் பிள்ளைகளை நினைத்தே தானியத்தைப் பூட்டிவைத்தான். தனித்தனியாக விசாரித்தால் ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருக்கிறது. கொலைகாரன் என்று ஒருவனையும் பிடித்து நிறுத்த முடியாது. அப்படியானால் ஐந்து இலட்சம் பேரின் சாவு யாருடைய கணக்கில்? பல பேருக்குப் பங்கு பிரித்தால் குற்றம் குறைந்துபோகுமா, அல்லது ஒவ்வொருவருக்கும் முழுதாகவே இருக்குமா? கடன் என்றால் பிரிக்கலாம். இதைப் பிரிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வானம் தனியே கொல்வதில்லை என்பதற்கு எதிர்ப்பக்கச் சாட்சியும் அதே மண்ணில் இருக்கிறது. 2012 முதல் 2017 வரை செர்த்தாவோவில் தொடர்ந்து வறட்சி. பதிவில் உள்ள மிக நீண்ட, மிகக் கொடிய வறட்சிகளுள் ஒன்று. சியாராவின் மிகப் பெரிய நீர்த்தேக்கமான கஸ்தாஞாவோ அடிமண் தெரிய வற்றியது. மாடுகள் செத்தன. ஆனால் 1877 திரும்பி வரவில்லை. கூட்டங்கூட்டமாக ஆட்கள் பாதையில் விழவில்லை. என்ன மாறியது? முதியோருக்கு ஓய்வூதியம், 2003 முதல் ஏழைக் குடும்பங்களுக்கு மாதாந்த உதவிப் பணம், பாதைகள், இவற்றோடு ஒரு சீமெந்துத் தொட்டி.

இந்தத் தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சேர்ஜிப்பே மாநிலத்து மேசன் ஒருவர் பிழைப்புக்காகச் சாவோ பாலோ போய் அங்கே பணக்காரர்களுக்கு நீச்சல் தடாகம் கட்டப் பழகினார். ஊருக்குத் திரும்பி அதே சீமெந்துப் பலகை முறையில் குடிநீர்த் தொட்டி கட்டினார். கூரையில் விழும் மழை பீலி வழியாக அதற்குள் சேரும். 16,000 லீற்றர். வகுப்பில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். நாற்பது சதுர மீற்றர் கூரை, 400 மில்லிமீற்றர் மழை, பெருக்கினால் சரியாக 16,000 லீற்றர். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு எட்டு மாதம், ஆளுக்கு நாளொன்றுக்குப் பதின்மூன்று லீற்றர். குடிக்கவும் சமைக்கவும் காணும். 1999இல் ஒன்றுசேர்ந்த மக்கள் அமைப்புகளின் முயற்சியால் இப்படிப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட தொட்டிகள் கட்டப்பட்டுவிட்டன. முன்னர் நூறு வருடமாக நடந்தது 'வறட்சியுடன் யுத்தம்'. 1909இலேயே அதற்கொரு அரச நிறுவனம் தொடங்கிப் பெரிய அணைகள் கட்டினார்கள். பல அணைகளின் தண்ணீர் பெரிய காணிக்காரர்களுக்கே போயிற்று. 'வறட்சிக் கைத்தொழில்' என்று பரிகசிக்கும் அளவுக்கு ஆயிற்று. ஏழைக்கு வந்தது பவுசர் தண்ணீர். அதுவும் வாக்குச் சீட்டைக் காட்டி. தொட்டி கிடைத்த குடும்பங்கள் அரசியல்வாதிகளிடம் கைநீட்டுவது குறைந்துவிட்டதாக ஆய்வாளர் எழுதியிருக்கிறார்கள். இப்போது அவர்கள் சொல்வது யுத்தம் அல்ல, 'வறள் நிலத்தோடு கூடிவாழ்தல்'.

1877ஐயும் 2012ஐயும் அருகருகே வைத்து முடிவு கட்டுவது பரிசோதனைச்சாலை ஒப்பீடு அல்ல என்பதை அறிவேன். ஆயினும் இரண்டுக்கும் பொதுவானது மழையின்மை. வேறுபட்டது மனிதர் செய்துவைத்திருந்தது.

இப்போது வானத்தையே குழப்பிவிட்டிருக்கிறோம் என்பது வேறு கதை. அமேசன் மரங்கள் மூச்சுவிடும் நீராவி காற்றில் ஆறாக ஓடித் தெற்குக்கு மழையாகிறது. பிறேசில் தன் அமேசன் காட்டில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கை அழித்துவிட்டது. 2023இலும் 2024இலும் மனாவுஸ் நகரத்தில் றியோ நேக்ரோ நதி, நூறு வருடத்துக்கு மேற்பட்ட பதிவில் இல்லாத அளவுக்குத் தாழ்ந்தது. 2024 மே மாதம் தெற்கே றியோ கிராண்டே டு சூல் மாநிலத்தில் வெள்ளம் 180க்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. இனி 'மழை பொய்த்தது' என்று சொல்ல இன்னும் கூச்சப்பட வேண்டியிருக்கும்.

கட்டுமரக்காரர் விடயத்துக்கு வருகிறேன்.

2014ஆம் வருடம் எங்கள் பக்கத்திலும் மழை குறைவு. சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் போதாது. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், துருசுக்கு அருகில் உள்ள காணிகளை மாத்திரம் செய்வோம், ஆனால் அந்தக் காணிகளை அந்தப் போகத்துக்கு எல்லாரும் பங்கிட்டுச் செய்வோம் என்று ஒரு முதியவர் சொன்னார். புதிய யோசனையல்ல, 'பெத்ம' என்று இந்நாட்டில் பழங்காலந்தொட்டு உள்ள ஏற்பாடு. மேல்காணிக்காரர் சம்மதிக்கவில்லை. படித்தவன் என்று என் முகத்தைச் சிலர் பார்த்தார்கள். என் மச்சானுக்கு மேலே நான்கு ஏக்கர். நான் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியம் போதுமாயிருந்திருக்கலாம்; போதாமலும் போயிருக்கலாம். சொல்லவில்லை.

வாய்க்காலின் கடைசியில் குத்தகைக்குச் செய்த ஒருவர் அந்தப் போகத்தை இழந்தார். கடன்பட்டார். அவருடைய மகன் என் பத்தாம் வகுப்பு மாணவன். கணிதத்தில் கெட்டிக்காரன். ஆவணி மாதம் விலகிக் கொழும்பில் ஒரு கடைக்குப் போனான். விடுகைப் பத்திரத்தில் 'விலகியதற்கான காரணம்' என்ற நிரலில் 'வறட்சி' என்று எழுதியவன் நான்தான். எனது கையெழுத்து அழகானது என்று அதிபர் அடிக்கடி சொல்வார்.

போன பெருநாளைக்கு அவனைச் சந்தியில் கண்டேன். தாடி வைத்திருக்கிறான், கட்டாரில் வேலை. "சேர் சுகமா?" என்று கையைப் பிடித்துக்கொண்டான். மழையைப் பற்றித்தான் பேசினோம்.

புதிய குறிப்பை இவ்வருட வகுப்புக்கு இன்னும் எழுதி முடிக்கவில்லை. 'மழை பொய்த்தமையால்' என்பதை வெட்டிவிட்டேன். அந்த இடத்தில் எழுத வேண்டியது ஒரு வரிக்குள் அடங்கவில்லை. பரீட்சையில் அதற்கு இரண்டு புள்ளிதான். சிறுபோகக் கூட்டம் பங்குனியில் வரும். குளம் அரைவாசிக்கும் குறைவு. போவதாக இருக்கிறேன். மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை.